கட்டடத்துக்குக் காய்ச்சல்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு வந்து போன காய்ச்சலுக்கு இன்னும் பெயர் வைத்தபாடில்லை. ஊர்க்காரர்கள் அதை முறுக்கி என்றார்கள். காய்ச்சல் கண்டவரின் இடது தோள், ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், அதனால் முறுக்கி. ஆனால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் செல்லாது. பெயர் வைக்கும் அதிகாரம் உலகக் கொள்ளைநோய் ஒத்துழைப்புப் பேரவைக்குத்தான் உண்டு. பேரவை அதைப் பற்றி ஆழ்ந்து யோசித்துக்கொண்டிருந்தது.

மருந்து இல்லாமல் இல்லை. ஊர்த் துறைமுகக் கிடங்கில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருந்தது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் 'இன்ன நோய்க்கு' என்று எழுதவேண்டிய இடம் மட்டும் காலி. பெயரில்லாத நோய்க்கான பெட்டியைத் திறப்பது சட்டவிரோதம் என்பதால் வாசலில் இரண்டு காவலர்களை நிறுத்தியிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல்.

கண்ணாடி ஏற்றிய காரில், பக்கத்தில் உட்கார்ந்து வண்டி பழகியவர்களில் யாரோ ஒருவர் மாஸ்டர் முகத்தில் இருமியதில் வந்த வினை. வெந்நீரும் மனைவியின் திட்டுமாகக் கிடந்து மனிதர் எப்படியோ பிழைத்து எழுந்துவிட்டார். அவருக்குப் பணிவிடை செய்த மச்சினன்தான் மாட்டிக்கொண்டான். இப்போது அரசு ஆஸ்பத்திரியில், தெருமுனைத் தையல்காரரின் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தான்.

இந்த நேரத்தில்தான் பேரவையிலிருந்து அழைப்பு வந்தது. அவசரக் கூட்டம் கூடுகிறது. அதில் 'பாதிக்கப்பட்டோரின் குரல்' என்று ஒருவர் இருக்கவேண்டும். பாதிக்கப்பட்டவர்களில் நடமாடும் நிலையில் இருப்பவர் மாஸ்டர்தான்.

"போறது சரி," என்றாள் மனைவி, பெட்டியில் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே. "போன இடத்துல வாயைப் பொளந்து வேடிக்கை பார்த்துட்டு வந்துடாதீங்க. என் தம்பி மூச்சுக்கு அல்லாடிக்கிட்டுக் கிடக்கான். அந்தப் பெட்டியைத் தொறக்கச் சொல்லணும். அது ஒண்ணுதான் உங்க வேலை."

"எல்லாம் படிச்சவங்க. எடுத்துச் சொன்னா தொறந்துடப் போறாங்க."

"கிளட்ச்சை மெதுவா விடுங்கன்னு எடுத்துச் சொன்னா எத்தனை பேர் விட்டிருக்காங்க உங்க கார்ல?"

மாஸ்டர் பெட்டியை மூடினார். விமானம் ஏறினார்.

பேரவைக் கட்டடம், நடந்தால் சத்தமே கேட்காத கம்பளத்தால் ஆனது. கதவுகள் தாமாகத் திறந்து, தாமாக மூடிக்கொண்டன. மாஸ்டரின் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டு, எல்லாரும் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்து முடித்ததும் கையை நன்றாகக் கழுவிக்கொண்டார்கள். அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு பேரவையின் சட்ட ஆலோசகருக்கு. ஒல்லியான மனிதர், ஒவ்வொரு சொல்லையும் நாளைக்கு யாராவது கோர்ட்டில் காட்டுவார்கள் என்ற பயத்தோடு வெளியே விடுவார்.

"நான் எப்பங்க பேசணும்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"நீங்க பேசணும்னு அவசியம் இல்ல. நீங்க குரல்."

"குரல்னா பேசத்தானேங்க?"

"குரலுக்கு இடம் குடுத்திருக்கோம். அதுதான் வரலாற்றுச் சிறப்பு. இருந்தாலும் நீங்க பிரியப்பட்டா ஒரு வாக்கியம் சேர்த்துக்கலாம். குடுங்க, சரிபார்த்துத் தர்றேன்."

மாஸ்டர் சொன்ன வாக்கியம் இது: 'எங்க ஊர்த் துறைமுகத்துல இருக்கிற மருந்துப் பெட்டியைத் தொறந்து குடுங்க.' சாயங்காலம் அது சரிபார்க்கப்பட்டுத் திரும்பி வந்தது. 'திறக்கப்படக்கூடிய தன்மை உள்ளவற்றின் திறப்பு குறித்து, உரிய காலத்தில் நிகழவல்ல உரையாடலுக்கு உகந்த சூழலை வரவேற்கிறோம்.'

"இதுல மருந்து எங்கீங்க?"

"மருந்துன்னு போட்டா ஆட்சேபம் வரும்."

"பெட்டியையும் காணோமே?"

"திறக்கப்படக்கூடிய தன்மை உள்ளவைன்னு இருக்கே. அதுல பெட்டி அடங்கும். கதவு, ஜன்னல், மனசு எல்லாமே அடங்கும். உங்க வாக்கியத்தைவிட இது பெரிசு."

மறுநாள் கூட்டம் தொடங்கியது. மாஸ்டருக்குக் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி. அக்கம்பக்கத்து நாற்காலிகளை மரியாதையாக எடுத்துவிட்டிருந்தார்கள். காதில் ஒரு கருவி. அதற்குள்ளே ஒரு பெண்ணின் குரல், பேசுவதையெல்லாம் தமிழில் சொன்னது. அவள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளர். பல வருஷங்களாக இதே வேலை. இடையிடையே தன் கருத்தையும் சேர்த்துக்கொள்வாள். அந்தப் பாஷையைக் கேட்பது மாஸ்டர் ஒருவர்தான் என்பதால் அவளுக்குப் பயமில்லை.

தலைவர் எழுந்தார். நல்ல உயரம், வெண்கலக் குரல்.

"நோய்க்கு எல்லைகள் தெரியாது," என்றது காதுக்குள் குரல். "ஆனால் நமக்கு எல்லைகள் நன்றாகத் தெரியும். இந்த வகையில் நாம் நோயைவிட அறிவில் மேலானவர்கள். சென்ற கொள்ளைநோயின்போது நாம் தாமதித்துவிட்டோம் என்று ஒரு குறை உண்டு. அந்தத் தாமதத்துக்கான காரணத்தை ஆராய உடனடியாக ஒரு குழு அமைத்தோம். அக்குழு விரைவில் முதன்முறையாகக் கூடும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன்."

கைத்தட்டல் எழுந்தது. மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. பழக்கிவிடுபவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் காரில் பாதி ஆயுளைக் கழித்தவர். வண்டி தப்பான பக்கம் போனால் கால் சும்மா இருக்காது.

அடுத்துப் பேசியவர் பெரிய நாட்டின் பிரதிநிதி.

"எங்கள் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் பத்து முறை கொடுக்கும் அளவுக்கு மருந்தைச் சேமித்து வைத்திருக்கிறோம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மருந்தில்லாமல் தவிக்கும் நாடுகளை நினைத்து வருந்த யாராவது ஆரோக்கியமாக இருந்தாகவேண்டும். அந்தச் சுமையை எங்கள் நாடு ஏற்றுக்கொள்கிறது."

இதற்கு இன்னும் பலத்த கைத்தட்டல். "அழுதுட்டாரு பாருங்க," என்றது காதுக்குள் குரல். "இது அவர் சொன்னது இல்ல, நான் சொல்றது."

இல்லாதவர்களோடு மருந்தைப் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்று ஒரு தீர்மானமும் போட்டார்கள். பிறகு பெயர் விவகாரம். ஊரின் பெயரை வைத்தால் ஊருக்கு இழுக்கு. மிருகத்தின் பெயரை வைக்கலாம் என்றால், எந்த மிருகத்தை எடுத்தாலும் அது ஏதோ ஒரு நாட்டின் முத்திரையில் இருந்தது. இடதுதோள் காய்ச்சல் என்று ஒருவர் சொன்னதும், தங்கள் இடதுசாரி அரசைக் குத்திக்காட்டுவதாக ஒரு பிரதிநிதி வெளிநடப்பு செய்தார். சமாதானத்துக்காக வலதுதோள் காய்ச்சல் என்று மாற்றினார்கள். நோய் இடது தோளில்தானே வருகிறது என்று யாரோ கேட்டதற்கு, இது மருத்துவ மேடை அல்ல என்று தலைவர் கண்டித்தார். உடனே வேறொருவர் வெளிநடப்பு செய்தார். முதலில் போனவர் உள்ளே வந்தார்.

இப்படி இரண்டு நாள் போனபின், 'நடுநிலைத் தோள்' என்ற சமரசம் கனிந்து வந்த வேளையில் தலைவர் இருமினார்.

ஒரு முறை இருமினால் தொண்டையைச் செருமுகிறார் என்று விடலாம். அவர் நிறுத்தவில்லை. மேஜையைத் தட்டச் சுத்தியலை ஓங்கிய கை அப்படியே நிற்க, இடது தோள் மெல்ல முறுக்கிக்கொண்டு பின்னால் போயிற்று. மண்டபத்தில் அத்தனை நாற்காலிகளும் ஒரே நேரத்தில் நகர்ந்தன. பேரவை ஒருமனதாகச் செய்த முதல் காரியம் அதுதான். மதியத்துக்குள் பெரிய நாட்டின் பிரதிநிதியும், வெளிநடப்பு செய்த இருவரும் ஆளுக்கொரு சோபாவில் படுத்துவிட்டார்கள்.

மாஸ்டர் சட்ட ஆலோசகரைப் பிடித்தார். "சார், இது அதுதாங்க. நான் பட்டவன். உடனே டாக்டரைக் கூப்பிடுங்க."

"டாக்டருங்க வாசல்லயே நிக்கிறாங்க. உள்ள வர முடியாது."

"ஏங்க?"

"ஒரு இடத்துல நோய் வந்திருக்குன்னா அந்த நாட்டு அரசாங்கம் அறிவிக்கணும். இந்தக் கட்டடம் எல்லா நாட்டுக்கும் பொது. அதனால எந்த நாட்டு மண்ணும் இல்ல. நாடே இல்லாத இடத்துல நோய் வர முடியாது."

"தலைவர் அங்க முறுக்கிக்கிட்டுக் கிடக்காரே?"

"அவர் தனிப்பட்ட முறையில முறுக்கிக்கிட்டிருக்கார். அதுக்கும் பேரவைக்கும் சம்பந்தம் இல்ல."

மாஸ்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை மூடிய உடுப்பில் டாக்டர்கள் வாசலுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். எந்த அரசாங்கம் அழைத்தாலும் வரத் தயார். அழைக்கத்தான் அரசாங்கம் இல்லை.

அன்று மாலை, படுத்தவர் போக மிச்சமிருந்த பிரதிநிதிகள் கூடி விவாதித்து வழி கண்டுபிடித்தார்கள். கட்டடத்தையே ஒரு நாடாக்கிவிடுவது. தற்காலிக உறுப்பு நாடு. ஆனால் அதற்குத் தலைவராக யாரும் முன்வரவில்லை. சொந்த நாட்டுக்குத் துரோகம் ஆகிவிடும் என்று எல்லாரும் வாயால் சொன்னார்கள். நோயாளிகளுக்கு நடுவே நடமாடவேண்டியிருக்குமே என்பது அவர்கள் கண்ணில் தெரிந்தது. கடைசியில் ஒருமுறை காய்ச்சல் வந்துபோன ஒரே ஆளின் மேல் எல்லார் பார்வையும் விழுந்தது.

"என்னையா?" என்றார் மாஸ்டர்.

"ஒத்துக்குங்க," என்றது காதுக்குள் குரல். "குரலா இருந்து என்ன கண்டீங்க?"

ஒத்துக்கொண்டார். புது அட்டை வந்தது. தலைவரின் அறை, தலைவரின் சாய்வு நாற்காலி, அழுத்தினால் யாராவது ஓடிவரும் ஒரு பொத்தான். இரண்டு தடவை சும்மாவே அழுத்திப் பார்த்தார். எதிரே வந்தவர்கள் தலை தாழ்த்தினார்கள். மாஸ்டருக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காது என்று சொல்ல அவர் என்ன முற்றும் துறந்தவரா?

நோயை அறிவிக்கலாமா என்று கேட்டதற்கு, நாட்டுக்கு முதலில் கொடியும் கீதமும் வேண்டும் என்றார் சட்ட ஆலோசகர். அவை இல்லாத அறிவிப்பைப் பதிவு செய்ய முடியாதாம். கீதத்துக்குக் கஷ்டப்படவில்லை. லிப்டில் ஓயாமல் ஒலிக்கும் இசை எல்லாருக்கும் மனப்பாடம். அதையே அறிவித்து எழுந்து நின்றார்கள். இழுபறி கொடியில்தான். மண்டபத்தின் நீலத் திரையா, சாப்பாட்டு மேஜையின் பச்சை விரிப்பா என்று மறுநாள் காலை முழுக்க வாதம் நடந்தது. மாஸ்டர் பச்சைக் கட்சி. நீலத்தில் கம்பீரம் இல்லை என்று மேஜையைத் தட்டிப் பேசினார். தன் குரல் வெண்கலம் மாதிரி ஒலிப்பதைக் கேட்டு அவருக்கே ஆச்சரியம். வாக்கெடுப்பில் பச்சை ஜெயித்தது. விரிப்பை உயர்த்திப் பிடித்து நின்றபோது சட்டைப்பையில் போன் அடித்தது.

மனைவி.

"தையல்காரர் போயிட்டாருங்க," என்றாள். "காலையிலே. தம்பி பக்கத்துக் கட்டில்லேர்ந்து பார்த்துக்கிட்டே இருந்திருக்கான். இவனுக்கும் உதடு கறுத்துக்கிட்டு வருது."

மாஸ்டரின் கையிலிருந்த விரிப்பு தாழ்ந்தது.

"அங்க என்னதான் நடக்குது? பெட்டியைப் பத்திச் சொன்னீங்களா இல்லையா?"

"பேசிக்கிட்டிருக்கோம்," என்றார். வாய்க்குள் அந்தப் பன்மை கசந்தது.

"பேசுங்க," என்று போனை வைத்துவிட்டாள்.

தையல்காரர் தைத்த சட்டையைத்தான் மாஸ்டர் போட்டிருந்தார். கையிலிருந்த விரிப்பை மெதுவாக மேஜைமேல் வைத்தார். "இப்பவே அறிவிங்க," என்றார். "இனிமே எனக்கு எதுவும் வேண்டாம். முத்திரை, தபால்தலை ஒண்ணும் வேண்டாம். அறிவிங்க."

அறிவித்தார்கள். டாக்டர்கள் உள்ளே வந்தார்கள். அவர்கள் வந்த கையோடு, கட்டடத்தில் கொள்ளைநோய் என்ற செய்தி எல்லாத் தலைநகரங்களுக்கும் எட்டியது. உலக நாடுகள் அத்தனையும் கட்டடத்தோடு தங்கள் எல்லையை மூட முடிவு செய்து, தங்கள் பிரதிநிதிகளுக்கு உத்தரவு அனுப்பின. பிரதிநிதிகள் சோபாவில் படுத்தபடியே கையைத் தூக்கி, தாங்கள் ஊர் திரும்பக் கூடாது என்று வாக்களித்தார்கள்.

பெரிய நாட்டின் பிரதிநிதி அதன் பிறகுதான் தன் தலைநகருக்குப் போன் போட்டு மருந்து கேட்டார். மாஸ்டர் பக்கத்தில் இருந்தார். போனில் பேசியவர் மிகவும் வருத்தப்பட்டார். எல்லை மூடிய நாட்டுக்கு மருந்து அனுப்ப முடியாது. மூடச் சொல்லி நீங்களே வாக்களித்திருக்கிறீர்கள். உங்கள் முடிவை மதிக்கிறோம் என்றார்.

"நம்ம நாட்டுல பத்து மடங்கு இருக்கே," என்று முனகினார் பிரதிநிதி.

"ஆமாம் ஐயா. உங்களை நினைத்து வருந்த நாங்கள் ஆரோக்கியமாக இருக்கவேண்டாமா?"

உலகம் முழுக்கத் தேடிப் பார்த்ததில், யாரும் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளாத மருந்து ஒரே இடத்தில்தான் இருந்தது. மாஸ்டர் ஊர்த் துறைமுகத்தில். சட்ட ஆலோசகர் உத்தரவோடு ஓடிவந்தார். முதன்முதலாக அறிவித்த நாடு நோய்க்குத் தற்காலிகப் பெயர் சூட்டலாம் என்று ஒரு விதி இருப்பதாகவும், அது இத்தனை நாளும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை என்றும் சொன்னார்.

"முறுக்கி," என்றார் மாஸ்டர். ஆட்சேபிக்க யாருக்கும் மூச்சு இல்லை. பெயர் நிறைவேறியது.

"அது எந்த நாட்டு மருந்தும் இல்ல, அதனால எல்லைத் தடை பொருந்தாது. இப்ப பெட்டி எல்லாத்தையும் தனி விமானத்துல இங்க கொண்டுவந்துடலாம். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

மாஸ்டர் பேனாவை மூடினார். "பெட்டியை அங்கயே தொறக்கச் சொல்லுங்க. எங்க ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனது போக மிச்சம் இங்க வரட்டும்."

சோபாவிலிருந்து பேரவைத் தலைவர் தலையைத் தூக்கினார். வெண்கலம் போய்த் தகரமாகியிருந்தது குரல். "ஒரு நாட்டுத் தலைவர் முதல்ல தன் மக்களைக் காப்பாத்தணும்."

"யாருங்க என் மக்கள்?"

"நாங்கதான்."

மாஸ்டர் அவரைப் பார்த்தார். வியர்த்துப்போய், முறுக்கிக்கொண்டு, பரிதாபமாகத்தான் இருந்தார். அந்த வலி எப்படி இருக்கும் என்று மாஸ்டருக்குத் தெரியும். மனது ஒரு நொடி இளகியது.

"இல்லாதவங்களோட பகிர்ந்துக்கணும்னு முதல் நாளே தீர்மானம் போட்டீங்களே, ஐயா."

"அது தீர்மானத்துல," என்றார் தலைவர். "இது நிஜத்துல."

இளகிய மனது இறுகிவிட்டது. தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஸ்டியரிங் கிடையாது, ஆனால் காலுக்குக் கீழே பிரேக் உண்டு என்று அப்போதுதான் மாஸ்டருக்குப் புரிந்தது.

"சரிங்க. அப்ப நான் ராஜினாமா பண்ணிடுறேன்."

சட்ட ஆலோசகரின் முகம் வெளுத்தது. "நீங்க போயிட்டா அரசாங்கம் இல்ல. அரசாங்கம் இல்லேன்னா நாடு இல்ல. நாடு இல்லேன்னா..."

"நோயும் இல்ல. டாக்டருங்க வெளிய போயிடணும். தலைவர் பழையபடி தனிப்பட்ட முறையில முறுக்கிக்கலாம்."

கண்ணாடி அறைக்குள் மொழிபெயர்ப்பாளர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவது தெரிந்தது. பிறகு தலைவர் நல்ல தோளை அசைத்துச் சம்மதம் தெரிவித்தார். மாஸ்டர் சொன்னபடி ஆலோசகர் எழுதினார். இந்த முறை வாக்கியத்தில் மருந்தும் இருந்தது, பெட்டியும் இருந்தது.

அன்றே பெட்டிகள் திறந்தன. மச்சினனுக்கு மறுநாள் உதட்டில் நிறம் வந்தது. அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரி மெத்தை சரியில்லை என்று நர்சிடம் சண்டை போட்டதாக மனைவி சொன்னாள். சொல்லும்போது அழுதாள். மிச்ச மருந்து கட்டடத்துக்கும் வந்தது, தாராளமாகவே இருந்தது. தோள்கள் ஒவ்வொன்றாக நேராயின.

நேரானதும் நிறைவுக் கூட்டம் நடந்தது. "மனிதகுலத்தின் ஒத்துழைப்புக்கு இது பொற்காலம்," என்றார் தலைவர், பழைய வெண்கலக் குரலில். "ஆனால் ஒன்றைக் கவலையோடு குறிப்பிடவேண்டும். மருந்து ஒரே நாளில் போய்ச் சேர்ந்திருக்கிறது. முறையான எந்த நடைமுறையிலும் இது சாத்தியமில்லை. இவ்வளவு வேகம் எப்படி நேர்ந்தது என்று கண்டறிந்து, இனி நேராமல் தடுக்க ஒரு குழு அமைக்கிறோம்." எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கீதம் ஒலித்தது. அவரவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரவர் விமானத்துக்குப் போனார்கள்.

மாஸ்டர் தன் ஊர் விமான நிலையத்தில் இறங்கி வரிசையில் நின்றார். குடியேற்ற அதிகாரி அவர் தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்.

"எந்த நாட்டுலேர்ந்து வர்றீங்க?"

"கட்டடத்துலேர்ந்து."

"கட்டடத்தோட எல்லை மூடியிருக்குங்க."

"மத்தவங்கல்லாம் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துட்டாங்களே?"

"அவங்க வேற வேற நாட்டுக்காரங்க, குணமானதும் விலக்கு குடுத்தாச்சு. தலைவராப் பதிவானதால, கட்டடத்துக்காரர் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். உங்களை உள்ள விட முடியாது."

அவரை ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மனைவியும் மச்சினனும் வந்து நின்றார்கள். மச்சினன் பாதியாக இளைத்திருந்தான், ஆனால் சொந்தக் காலில் நின்றான்.

"என்ன மாமா, நான் வெளிய வந்துட்டேன், நீங்க உள்ள போயிட்டீங்க?" என்றான் கண்ணாடி வழியாக.

மாஸ்டர் அதிகாரியிடம் திரும்பினார். "இந்தத் தடையை யாருங்க நீக்கணும்?"

"பேரவை கூடி நீக்கணும்."

"எப்பக் கூடும்?"

"கட்டடத்துலதான் கூடணும். எல்லை மூடியிருக்கிறதால கட்டடத்துக்குள்ள யாரும் போக முடியாது." இதைச் சொல்லும்போது அதிகாரிக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "வேணும்னா தண்ணி குடிக்கிறீங்களா?"

மாஸ்டர் தண்ணீர் குடித்தார். எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தக் கண்ணாடித் தடுப்புக்குள் நின்றபடி, கட்டட நாட்டின் அரசாங்கம் இப்போது கூடியிருக்கிறது என்று அறிவித்தார். நாட்டைக் கலைக்க ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார்.

"ஆட்சேபணை உண்டா?"

சுற்றும் முற்றும் பார்த்தார். அந்த நாட்டுப் பிரஜை வேறு யாரும் இல்லை.

"ஏகமனதா நிறைவேறியது."

ஒரு நாடு முடிகிறதே என்ற மரியாதையில் அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். பிறகு உட்கார்ந்து, தாள்களை மறுபடி எடுத்தார். "இப்பச் சொல்லுங்க. எங்கேர்ந்து வர்றீங்க?"

"எங்கேர்ந்தும் வரல."

"எங்கேயும் போகாத ஆளு ஏங்க வரிசையை அடைச்சுக்கிட்டு நிக்கிறீங்க? நகருங்க."

வெளியே வெயில் காய்ந்தது. மனைவி பெட்டியை வாங்கிக்கொண்டாள். ஆட்டோ பிடித்தார்கள்.

"மாமா, ஒரு நாட்டை இப்படிச் சட்டுனு கலைச்சிடலாமா?" என்றான் மச்சினன்.

"ஆட்சேபிக்க ஆள் இல்லேன்னா கலைச்சிடலாம்."

"ஆள் இருந்திருந்தா?"

"குழு போட்டிருப்பாங்க," என்றார் மாஸ்டர். "நீ ஓரமா உக்காரு. உன்மேல காத்து படட்டும்."